இரண்டும் ஒன்றுபோல் தெரியும்போது

கண்ணாடிக்காரரின் கடை, வீதி திரும்பும் இடத்தில், மருந்துக் கடைக்கும் சாவி செய்பவரின் கடைக்கும் இடையே ஒடுங்கி நீண்டிருந்தது. முன்பகுதியில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள். திரைக்குப் பின்னால் கண் அளக்கும் அறை. அறையின் நீளம் போதாமையால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்புறம் மாட்டி, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார். ஆகவே அங்கு வருவோர் படித்தது பலகையை அன்று, அதன் பிம்பத்தைத்தான். சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பவர்களுக்கு எழுத்துகள் இடவலம் மாறி, ஏதோ அயல்மொழிபோலத் தெரியும். அதைக் கண்டு அவர்கள் திகைப்பதை அவர் ஒருபோதும் கேலி செய்ததில்லை.

கடையின் பெயர் 'பார்க்கலாம்'. அது அவர் வைத்த பெயர் அன்று. கடை திறப்பதற்கு முன் பெயர்ப்பலகை எழுத வந்தவர், என்ன பெயர் எழுதுவது என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல், "பார்க்கலாம்" என்றார். மறுநாள் காலை வந்து பார்த்தால் பலகையில் பச்சை எழுத்தில் அதுவே ஏறியிருந்தது. எழுதியவர் பதறினார். கண்ணாடிக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று வீதியில் நின்றவர்கள் சொன்னார்கள். மாற்றட்டுமா என்று எழுதியவர் கேட்டதற்கும் இவர் அதே விடையைச் சொன்னதாகப் பேக்கரிக்காரர் இன்றும் சத்தியம் செய்வார். பேக்கரிக்காரர் இவருடைய மைத்துனர். மனைவியின் உடன்பிறந்த தம்பி. கடைக்கு வாய்த்த பெயரை ஆளுக்கும் சூட்டி, வீதி முழுவதும் பரப்பியவர் அவரே.

தமிழில் 'பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் மாட்டேன் என்று பொருள். முகம் முறியாமல் மறுப்பதற்கு நாம் கண்டுபிடித்த வழி அது. கண்ணாடிக்காரர் சொல்வது அத்தகையதன்று. மழை வருமா, இந்தப் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா, புதிய பாலம் உருப்படுமா, எதைக் கேட்டாலும் உண்மையாகவே அவர் இரண்டு பக்கத்தையும் எடை போட்டுப் பார்ப்பார். தட்டுகள் சமமாக நிற்கும். நின்றதைச் சொல்வார்.

இந்தப் பழக்கம் தொழிலிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். கண் அளப்பவரின் வேலை கேட்பது. மூக்கின்மேல் ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பலருக்குப் பரீட்சை எழுதுவதுபோல் நடுக்கம் வந்துவிடும். எது சரி என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அப்போது அவர் சொல்லும் வாக்கியம் மாறியதே இல்லை.

"நான் சொல்லக் கூடாதுங்க. கண்ணு உங்களது."

எங்கள் கூட்டத்துக்கு அவரை அழைத்து வந்தவரும் பேக்கரிக்காரரே. கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றபின், சலவைக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கூட்டத்தைத் தொடங்கினார். வாரம் ஒரு பழைய நாடு. அந்த நாட்டார் வாழ்வைப் பற்றி, சாவைப் பற்றி, நன்மையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை ஒருவர் படித்துவந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: 'இதையெல்லாம் நம் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள்' என்று எவரும் சொல்லக் கூடாது. சொன்னவர் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கித் தர வேண்டும். முதல் சில மாதங்கள் பிஸ்கட்டுக்குப் பஞ்சமே இல்லை. கீழே இஸ்திரி எந்திரங்கள் ஓடுவதால் மாடியின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர்களோடு சண்டையிட்டோம்.

எகிப்தியர், இறந்தவனின் இதயத்தை ஓர் இறகுக்கு எதிரே தராசில் வைத்து நிறுப்பார்கள் என்று நம்பியதை டீச்சர் சொன்னபோது, பேக்கரிக்காரர் தம் கடைத் தராசில் ஒரு ரொட்டியே ஒழுங்காக நிற்பதில்லை என்று வருத்தப்பட்டார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. தட்டுகள் சமமாக நின்றால் நிறுப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். சமமாக நின்றால் தேறிவிட்டதாகப் பொருள் என்றார் டீச்சர். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சீனத்துப் பழைய சிந்தனையாளருள் ஒரு சாரார், 'இது' என்பதும் 'அது' என்பதும் அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்றும், அறிவுடையவன் கதவின் சுழல்முனைபோல் நடுவில் நின்று இரு பக்கமும் திரும்புவான் என்றும் கருதியதைக் கேட்டபோது, தம் திரையையும் நிலைக்கண்ணாடியையும் அவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல் மகிழ்ந்தார்.

பிறகு அவர் பங்குக்கு ஒரு நாடு வந்தது. அவர் எடுத்துக்கொண்டது கிரேக்கத்து ஐயவாதிகளை. எந்தக் கூற்றுக்கும் அதே வலிமையுள்ள எதிர்க்கூற்று உண்டு; இரண்டும் சமமாக நிற்கும்போது தீர்ப்பை நிறுத்தி வைக்க வேண்டும்; நிறுத்தி வைத்தால், பொருளுக்குப் பின்னால் நிழல் வருவதுபோல், மன அமைதி தானாக வந்து சேரும். இதுவே அவர்கள் கொள்கை. அவர்களுக்கு வழங்கிய கிரேக்கப் பெயருக்கு வேர்ப்பொருள் பார்ப்பவர், ஆராய்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் பேக்கரிக்காரர் எழுந்து நின்றார்.

"மாமா, அப்ப உங்க கடை போர்டு கிரேக்கத்துலேர்ந்து வந்திருக்கு."

மாடி முழுவதும் சிரித்தது. கண்ணாடிக்காரரும் சிரித்தார், ஆனால் அவர் முகத்தில் அன்று வேறொன்றும் இருந்தது. தம்மைத் தீர்மானம் இல்லாதவர், நழுவுபவர் என்று வீதி சொல்வதை அவர் அறிவார். தம் குணத்துக்கு இவ்வளவு பழைய, இவ்வளவு கௌரவமான குடும்பம் ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டார். அதன்பின் அவர் மனம் வேறு நாட்டுக்குச் செல்லவே இல்லை. ஐயவாதிகளைப் பற்றித் தமிழில் கிடைத்ததையும், ஆங்கிலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படிக்க முடிந்ததையும் படித்தார். சமணர்களுடைய 'இருக்கலாம்' என்னும் கோட்பாட்டையும் அதனோடு சேர்த்து வைத்தார். அதைச் சந்தேகம் என்று பேக்கரிக்காரர் சுருக்கியபோது, இவரே திருத்தினார்: அது சந்தேகமன்று, ஒவ்வொரு கூற்றும் ஒரு நிலையிலிருந்து பார்க்கையில் உறுதியானது, நிலை மாறினால் கூற்றும் மாறும் என்பதே அவர்கள் சொன்னது. யானை முழுவதையும் ஒரு கை தடவ முடியாது. தடவிய இடத்தைப் பற்றிக் கை சொல்வது பொய்யும் ஆகாது.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் உடைகளைத் திருத்துபவர். கோட்டின் தோளைக் குறைப்பது, கால்சட்டையின் விளிம்பை மடித்துத் தைப்பது, எலி கடித்த இடம் தெரியாமல் இழை இழுத்து மூடுவது. வீட்டின் முன்னறையில் சன்னலை ஒட்டித் தையல் எந்திரம். வெட்டிய பின் ஒட்ட முடியாத தொழில் அது. ஆகவே அவர் விரைவாக அளப்பார், விரைவாக முடிவு செய்வார், கத்தரியை எடுத்துவிடுவார். வாழ்க்கையையும் அப்படியே நடத்தினார். இந்த வீட்டுக்குக் குடிவரலாமா என்றபோது கணவர் பார்க்கலாம் என்றார். இவர் சாமான்களை ஏற்றினார். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த ஊருக்குப் படிக்க அனுப்புவது, யாருக்கு மணம் முடிப்பது, கிழவனாரான மாமனாரை இறுதிக்காலத்தில் மருத்துவமனையில் வைப்பதா வீட்டுக்குக் கொண்டுவருவதா, எல்லாவற்றிலும் அப்படியே. அவர் எடுத்த முடிவுகளுள் சில தவறாகவும் போயின. அப்போதும் கணவர் ஒரு சொல் குறை கூறவில்லை. எவ்வளவு நல்ல மனிதர் என்று உறவினர் மெச்சினார்கள். அந்த அம்மாள் அந்த மெச்சலுக்கு ஒருபோதும் தலையசைத்ததில்லை என்பதை நான் பின்னர்தான் நினைத்துப் பார்த்தேன்.

அவருக்குச் சிறுவயதிலிருந்தே வலக்கண்ணில் பார்வை இல்லை. இடக்கண் ஒன்றைக்கொண்டே இத்தனை காலம் ஊசியில் நூல் கோத்தார். அந்தக் கண்ணில் இப்போது புரை விழுந்திருந்தது. புரை என்றால் இக்காலத்தில் பெரிய விஷயமன்று. காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். ஆனால் இவர் கண்ணுக்குள் வில்லையைப் பிடித்திருக்கும் நார்கள் பலவீனமாக இருந்தன. அறுவை செய்யும்போது அவை அறுந்தால் உள்ள பார்வையும் போகக்கூடும். ஒரு மருத்துவர், இப்போதே செய்துவிடுங்கள், காத்திருந்தால் புரை கெட்டிப்பட்டு அறுவை இன்னும் கடினமாகும் என்றார். மற்றொருவர், ஒற்றைக் கண்ணை வைத்துச் சூதாடாதீர்கள், தெரிகிற வரையில் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். இருவரும் அனுபவசாலிகள். இருவரும் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த அம்மாளின் கை கத்தரியை எடுக்கவில்லை. கணவரைக் கேட்டார். கணவர் இரு மருத்துவரின் நியாயங்களையும் அவர்களைவிடத் தெளிவாக விளக்கிச் சொன்னார். பிறகு, "பார்க்கலாம்" என்றார்.

அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் சலவைக் கடையின் மாடிக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கு வந்ததில்லை. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டார். வேண்டாம் என்று தரையில் அமர்ந்துகொண்டார். அன்று கண்ணாடிக்காரர் ஐயவாதிகளின் முன்னோடியைப் பற்றிய பழங்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தம் புலன்களை நம்பாததால் அவர் எதிரே வண்டி வந்தாலும் ஒதுங்கமாட்டாராம், பள்ளம் வந்தாலும் நிற்கமாட்டாராம். நண்பர்கள் பின்னாலேயே நடந்து, வேளைக்கு வேளை இழுத்துக் காப்பாற்றுவார்களாம். இது எதிரிகள் கட்டிய கதையாக இருக்கலாம் என்றும், பிற்கால ஐயவாதிகள் இதை ஏற்கவில்லை என்றும் அவர் நேர்மையாகச் சேர்த்தே சொன்னார்.

அந்த அம்மாள் கை உயர்த்தினார். கூட்டத்தில் யாரும் கை உயர்த்திப் பேசுவதில்லை. டீச்சருக்கே பழைய வகுப்பறை நினைவு வந்து, "சொல்லும்மா" என்றுவிட்டார்.

"கதையாவே இருக்கட்டும், டீச்சர். எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களே, அவங்க வண்டி வருதுன்னு முடிவு பண்ணிட்டாங்கல்ல?"

"ஆமாம். பண்ணாம எப்படி இழுக்கறது?"

"அப்ப ஒருத்தர் முடிவு பண்ணாம நிம்மதியா நடக்கணும்னா, பின்னாடி யாரோ முடிவு பண்ணிக்கிட்டே வரணும். அப்படித்தானே?"

கீழே ஓர் எந்திரம் நீராவியை விட்டு ஓய்ந்தது.

"நான் இத்தனை வருஷமா பின்னாடி வந்துட்டேன். இப்ப வண்டி என் மேலதான் வருது. என்னை நானே எப்படி இழுத்துக்கறது?"

கோபமாகக் கேட்கவில்லை. துணியின் அளவைக் கேட்பதுபோல் கேட்டார். கண்ணாடிக்காரர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மீண்டும் துடைத்தார். அக்காவுக்கு ஆதரவாக ஏதேனும் சொல்லிவிட வேண்டும் என்று பேக்கரிக்காரர் வாயெடுத்தார். டீச்சரின் பார்வை அவரை அமர்த்தியது. அன்று கூட்டம் வழக்கத்தைவிட முன்னதாகவே முடிந்தது.

மறுநாள் பகலில் கடையில் நடந்ததைக் கண்ணாடிக்காரர் பின்னர் தாமே எங்களுக்குச் சொன்னார். மனைவியின் பார்வை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்க அவரை வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் நாற்காலியில் ஏறி அமர்ந்தார். இவர் சட்டத்தை மாட்டி வில்லைகளை மாற்றத் தொடங்கினார். இதுவா, இதுவா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் அந்த அம்மாள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். இவர் மறுபடி மாற்றிக் காட்டினார். "ஒண்ணுதாங்க" என்றார் மீண்டும். இவர் குனிந்து எண்ணை எழுதினார்.

அந்த அம்மாள் சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன எழுதினீங்க?"

"கண்ணாடி நம்பர்."

"எந்த நம்பர்? நான்தான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னேனே."

"அப்படிச் சொல்ற இடம் வந்துட்டா அளவு முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கு மேல கேக்க முடியாது. நானே எழுதிடுவேன்."

"எதை வச்சு?"

"இதுவரைக்கும் நீ சொன்ன பதில், பழைய நம்பர், என் அனுபவம். எல்லாத்தையும் வச்சுத்தான்."

"தப்பாப் போனா?"

"திரும்ப வருவாங்க. மாத்திக் குடுப்பேன். ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, கேட்டுக்குவேன்."

"ஊர்ல இருக்கற கண்ணுக்கெல்லாம் எழுதறீங்க" என்றார் அந்த அம்மாள். "வீட்டுக் கண்ணுக்கு மட்டும் பார்க்கலாமா?"

மனைவி இறங்கி, திரையை விலக்கி, சாவிக்காரரிடம் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஓசை கேட்டது. அதற்குப் பின் கடைக்கு யாரும் வரவில்லையா, வந்தவர்களை இவர் கவனிக்கவில்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

இரண்டும் சமமானால் நிறுத்தி வை என்பது ஐயவாதி வழி. இரண்டும் சமமானால் எழுதிவிடு என்பது கண் அளப்பவன் வழி. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முட்டுவதைக் கவனிக்காமலே அவர் இத்தனை காலம் இருந்திருக்கிறார். அன்று மாலை தம் புத்தகங்களைப் புரட்டியபோது, பல முறை கடந்து சென்ற ஒரு பகுதி அவர் கண்ணில் பட்டது. தீர்ப்பை நிறுத்தினால் நடமாடுவது எப்படி என்று ஐயவாதிகளையும் அக்காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன விடை: நாங்கள் சும்மா கிடப்பதில்லை, இயற்கை தந்த உணர்வும் அறிவும் காட்டுகிறபடி, பசியும் தாகமும் உந்துகிறபடி, ஊர் வழக்கப்படி, கற்ற தொழில் சொல்கிறபடி நடக்கிறோம். முதல் மூன்றை அவர் எங்களுக்கு விரிவாகவே சொல்லியிருந்தார். நான்காவதை ஏனோ ஒற்றை வரியில் கடந்திருந்தார்.

அந்த நான்காவதை வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். பொருள் இதுதான்: மருத்துவர் இருவரில் யார் சொல்வது இறுதி உண்மை என்பதைத் தீர்க்க அவரால் ஆகாது, ஆனால் அளக்க ஆகும். மனைவிக்கு முன்பு எழுதிய எண்களையும் அன்றைய எண்ணையும் ஒப்பிட்டார். பார்வை சரிவது சீராக இல்லை, வேகம் கூடியிருக்கிறது என்று தெரிந்தது. வீட்டில் மனைவியைக் கவனித்தார். திருத்தித் தரக் கறுப்புக் கோட்டுகளை அவர் வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தார்; நூல் கோக்கும்போது ஊசியின் காதைக் கண்ணால் தேடாமல் உதட்டால் தேடினார். காத்திருக்கச் சொன்ன மருத்துவரிடம் திரும்பச் சென்று, தெரிகிற வரையில் என்றீர்களே, இவர் தொழிலுக்கு எது வரையில் என்று கேட்டார். அந்த மருத்துவர் தையலைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அவர் நிலையிலிருந்து அவர் சொன்னது உறுதியே. ஆனால் அவர் நின்ற இடத்தில் தையல் எந்திரம் இல்லை.

முன்னறையில் அந்த அம்மாள் ஒரு கால்சட்டையின் விளிம்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கணவர் எதிரே வந்து நின்று, "பண்ணிக்கலாம்" என்றார்.

இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது.

"இது எந்த லாம்?"

நியாயமான கேள்வி. நம் மொழியில் அந்த ஒரு விகுதி மூன்று வேலை செய்கிறது. மழை வரலாம் என்றால் ஐயம். உள்ளே வரலாம் என்றால் இசைவு. வா, போகலாம் என்றால் இருவரும் சேர்ந்து புறப்படுவது. பண்ணிக்கொண்டாலும் பண்ணிக்கொள்ளலாம் என்கிறாரா, உனக்கு அனுமதி தருகிறேன் என்கிறாரா, நாம் செய்வோம் என்கிறாரா? ஐயவாதியின் வாயில் மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

கண்ணாடிக்காரர் விகுதியை விட்டுவிட்டுச் சொன்னார்.

"பண்ணிக்கோ. நான் சொல்றேன். என் கணக்குப்படி காத்திருக்கறதுதான் ஆபத்து. தப்பாப் போனா என்னைத் திட்டு."

"திட்டுவேன்."

"திட்டு."

"டாக்டர் சொன்னாருன்னு அப்புறம் ஒதுங்கக் கூடாது."

"ஒதுங்க மாட்டேன்."

அந்த அம்மாள் பெட்டியை எடுத்து மீண்டும் தேய்க்கத் தொடங்கினார். மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி போட்டார். அவ்வளவுதான் அவர் காட்டியது என்று கணவர் சொன்னார்.

அறுவை நாளன்று மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில் டீச்சரும் பேக்கரிக்காரரும் நானும் அவரோடு அமர்ந்திருந்தோம். பயமாக இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். "இருக்கு, டீச்சர்" என்றார் அவர். மாமாவிடமிருந்து ஒரு கேள்விக்கு ஒரே பதில் வந்ததை முதன்முதலாகக் கேட்கிறேன் என்று பேக்கரிக்காரர் என் காதில் முணுமுணுத்தார். எங்களுக்குப் பின் வந்தவர்களின் பெயர்களைக் கூப்பிட, அவர்களுடைய உறவினர்கள் சிரித்த முகத்தோடு உள்ளே போனார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.

பயந்ததில் பாதி நடந்துவிட்டது. நார்களில் ஒரு பகுதி அறுந்தது. செயற்கை வில்லையை வழக்கமான இடத்தில் வைக்க முடியாமல், வேறு விதமாகத் தைத்துப் பொருத்தினார்கள். கட்டைப் பிரித்தபோது அந்த அம்மாளுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வீக்கம் வடிய வேண்டும், பொறுங்கள் என்றார்கள். வாரங்கள் சென்றன. அறைக்குள் பால் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது என்றார் அந்த அம்மாள். சொன்னபடியே திட்டினார். காப்பிக் கோப்பை கை தவறி விழுந்தபோது திட்டினார். தையல் எந்திரத்தின்மேல் துணி போட்டு மூடியபோது திட்டினார். "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அண்டை வீட்டாருக்கும் கேட்கும்படி சொன்னார். கணவர் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். மருத்துவர்தானே செய்தார், மாமா என்ன செய்வார் என்று தம்பி ஒருநாள் குறுக்கிட்டபோது, "இல்ல. நான்தான் சொன்னேன்" என்று அவரே தடுத்தார்.

அக்காலத்தில் ஒரு ஞாயிறு அவர் மாடிக்கு வந்தார். அன்று பழைய மெக்சிகோவின் முறை. அந்நாட்டார் இப்பூமியை வழுக்கும் தரையாகக் கருதினார்கள்; எவ்வளவு நல்லவனுக்கும் கால் வழுக்கும், ஆகவே தனியாக நின்று அல்ல, சுற்றத்தோடு சேர்ந்து ஊன்றித்தான் வாழ வேண்டும் என்று எண்ணினார்கள் என டீச்சர் விளக்கினார். பேச்சு எப்படியோ ஐயவாதிகள் வாக்களித்த மன அமைதிக்குத் திரும்பியது. அந்த அமைதி இப்போது இருக்கிறதா என்று டீச்சர் அவரைக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார்.

"போயிடுச்சு, டீச்சர். ராத்திரி தூக்கம்கூட சரியா இல்ல. ஆனா அவளுக்கு இத்தனை வருஷம் அது இருந்திருக்காது. நான் எடுத்து வச்சிருந்தது ரெண்டு பேருக்குச் சேர வேண்டியதுன்னு தோணுது."

ஐயவாதிகள் தவறு என்று அவர் சொல்லவில்லை. இன்றும் சொல்வதில்லை. எது இறுதி உண்மை என்பதில் அவர் தட்டுகள் அன்றுபோலவே சமமாக நிற்கின்றன. ஆனால் தெரியாது என்பதற்கும் சொல்லமாட்டேன் என்பதற்கும் இடையே ஒரு வரப்பு இருக்கிறது, அந்த வரப்பின்மேல் வீடு கட்டிக்கொண்டு குடியிருந்துவிட்டேன் என்று ஒருமுறை என்னிடம் கூறினார்.

வீக்கம் மெல்ல வடிந்தது. பால் நீர்த்தது. முழுப் பார்வை திரும்பவில்லை. தெருவிளக்கைச் சுற்றி அந்த அம்மாளுக்கு இன்றும் ஒரு வளையம் தெரிகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவது இனி இல்லை. ஆனால் கணவர் எழுதிக் கொடுத்த கண்ணாடியோடு கால்சட்டை விளிம்புகளும் கோட்டுத் தோள்களும் மீண்டும் அந்தச் சன்னலுக்கு வந்தன. காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல இயலாது. கண்ணாடிக்காரரே அதைச் சொல்வார், யாரும் கேட்காமலே.

புரை நீங்கிய கண்ணுக்கு நிறங்கள் புதிதாகத் தெரியும். நானும் டீச்சரும் நலம் விசாரிக்கச் சென்ற ஒரு மாலை, அந்த அம்மாள் முன்னறைச் சுவரை மூக்கு இடிக்கும்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளிர்மஞ்சள் என்று தாமே தேர்ந்து அடித்த சுவர், உண்மையில் பழைய பல்லின் நிறத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்திருந்தார். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று எல்லோரையும் பொதுவாகக் கடிந்துகொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டார்.

"நீலம்" என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்.

"நீலமா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே."

"ஆஸ்பத்திரி பச்சை. இது வெளிர்நீலம். மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணு கூசாது."

"கூசறது என் கண்ணு. எனக்குத் தெரியாதா? வெள்ளை போதும்."

"வெள்ளைதான் கூசும். நான் சொல்றேன்."

"நீங்க சொல்லுங்க, யார் கேக்கப் போறா?"

டீச்சர் இடையில் புகுந்து, சாம்பல் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த அம்மாள் மரியாதையோடு கையமர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க, டீச்சர். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்ல எனக்குச் சண்டை போட ஆளே இல்ல. இப்பத்தான் ஒருத்தர் வந்திருக்கார்."

நாங்கள் விடைபெற்றுப் படியிறங்கியபோதும் மேலே வாதம் ஓயவில்லை. அவர் வெளிச்சத்தின் கோணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவர் இன்று வெள்ளையாக இருக்கிறது. அது தவறான முடிவு என்று கண்ணாடிக்காரர் யாரிடமும் கூசாமல் சொல்லி வருகிறார்.